முதல் சிறிய ரிவால்வர்: தேர்விலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிறியது, எளிமையானது, ஆகவே புதியவருக்கு ஏற்றது." முதல் ரிவால்வர் வாங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் இந்த அறிவுரை பாதி உண்மைதான். சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை இட்டு மூடிவிட்டால், அதன் பிறகு டிரிகரை இழுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த வகையில் இயக்கம் எளிதுதான். ஆனால் சிறிய ரிவால்வரால் குறி தவறாமல் சுடுவது, கைத்துப்பாக்கிகளிலேயே மிகக் கடினமான வேலைகளில் ஒன்று.

காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். அலுமினியக் கலவைச் சட்டம் கொண்ட ஐந்து தோட்டா ரிவால்வர் ஏறத்தாழ 425 கிராம் எடை இருக்கும். தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியலைப் பின்னிழுத்து நிறுத்தாமல் சுடும்போது அதன் டிரிகருக்கு 4.5 முதல் 5.5 கிலோ வரையிலான விசை தேவைப்படும். அதாவது, துப்பாக்கியின் எடையைப் போல் பத்து மடங்குக்கும் அதிகமான விசையை ஒற்றை விரல் கொடுக்க வேண்டும். அப்போது துப்பாக்கி இம்மியும் அசையக் கூடாது. குழல் இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு என்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 9 செ.மீ. அளவுக்கே தூரம். அங்கே 1 மி.மீ. பிசகினால், 7 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 8 செ.மீ. விலகிவிடும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்தக் கடினத்தை அறியாமல் வாங்குவதில்தான் தொடங்குகின்றன.

அதற்கும் முன்னால் ஒன்று. உரிமம், அனுமதிக்கப்பட்ட தோட்டா வகை, வைத்திருக்கும் முறை ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். இவற்றை முடிவு செய்யாமல் மாடல்களை ஒப்பிட்டுக் கொண்டிருப்பதில் பயனில்லை.

எடை குறைவு என்பதற்காகவே வாங்குவது

என் பார்வையில் இதுதான் முதல் தவறு. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1950இல் வெளியிட்ட 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற ஐந்து தோட்டா ரிவால்வர் முழு எஃகால் ஆனது. எடை 550 கிராம் அளவில் இருந்தது. அதற்குப் பின் அலுமினியச் சட்டங்கள் வந்தன, பிறகு ஸ்காண்டியம் கலந்த சட்டங்களும் டைட்டானியம் சிலிண்டர்களும் வந்தன. இன்று 350 கிராமுக்கும் குறைவான ரிவால்வர்கள் கிடைக்கின்றன. கையில் எடுத்துப் பார்ப்பவர் மயங்கிவிடுவார். ஆனால் ஒரே வகைத் தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சுமப்பதில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு கிராமுக்கும் சுடும்போது உள்ளங்கை விலை கொடுக்கிறது.

வலி மட்டும் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வலிக்கும் துப்பாக்கியை எவரும் சுடுதளத்துக்கு எடுத்துச் செல்ல விரும்புவதில்லை என்பதும், வலியை எதிர்பார்த்து டிரிகரை இழுக்கும் கணத்தில் கை தானாகச் சுருங்குகிறது என்பதும்தான் பெரிய இழப்பு. இப்படிப் படிந்த பழக்கத்தைத் திருத்துவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம். முதல் ரிவால்வருக்கு எஃகுச் சட்டமே நல்லது. எடை கூடுதலாகத் தோன்றினாலும் பயிற்சி செய்ய அதுதான் இடம் கொடுக்கும்.

மிக லேசான ரிவால்வர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னுதைப்பு தோட்டாவின் உறையை வேகமாகப் பின்னுக்கு இழுக்கும்போது, அதன் முனையில் பொருத்திய குண்டு தன் நிலைமத்தால் பின்தங்கி, உறையிலிருந்து சிறிது சிறிதாக முன்னால் வெளியேறும். ஒரு கட்டத்தில் அது சிலிண்டரின் முன்பக்கத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சிலிண்டரைச் சுழலவிடாமல் தடுத்துவிடும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: சுடுதளத்தில் சிலிண்டரை நிரப்பி, கடைசித் தோட்டாவை மட்டும் சுடாமல் வெளியே எடுத்து, புதுத் தோட்டா ஒன்றோடு நீளத்தை ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்த வகைத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

பெரிய தோட்டாவின் மீதான ஆசை

.38 ஸ்பெஷல் தோட்டா 1898இலிருந்து இருந்து வருகிறது. 1930களின் நடுவில் அதன் உறையை 3 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீட்டி .357 மேக்னம் உருவாக்கப்பட்டது. அந்த நீட்டிப்பு, அழுத்தம் மிகுந்த தோட்டா தவறியும் .38 சிலிண்டருக்குள் போய்விடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு. அழுத்த வேறுபாடு சிறிதல்ல. .38 ஸ்பெஷலுக்கான உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; அதன் அழுத்தம் கூடிய வகையான பிளஸ் பி-க்கு 20,000; .357 மேக்னத்துக்கு 35,000.

".357 வாங்கினால் இரண்டையும் சுடலாமே" என்ற வாதம் சரியானதே. அப்படி வாங்குபவர் .38 தோட்டாவிலேயே பயிற்சி பெறுகிறார் என்றால் எந்தக் குறையும் இல்லை, ஏனெனில் .357க்காகச் செய்த சட்டம் பெரும்பாலும் சற்றுக் கனமாகவே இருக்கும். ஆனால் இரண்டு அங்குலக் குழலில் .357இன் வெடிமருந்துக்கு முழுமையாக எரிய நேரம் போதாது. ஒரு பகுதி குழலுக்கு வெளியே எரிந்து, கண்ணைக் கூச வைக்கும் சுடராகவும் காதைத் துளைக்கும் ஓசையாகவும் வீணாகிறது. பின்னுதைப்பைத் தாங்க முடியாதவர்களுக்கு .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் என்ற பழைய, மென்மையான தோட்டா இன்றும் நல்ல தேர்வு. குறுக்களவு சிறியது என்பதால், சிறிய சிலிண்டரில்கூட ஐந்துக்குப் பதில் ஆறு இடலாம்.

பழைய ரிவால்வரில் பிளஸ் பி சுடலாமா என்பதை ஊகித்து முடிவு செய்யாதீர்கள். குழலில் பொறித்திருப்பதையும் தயாரிப்பாளரின் கையேட்டையும் மட்டுமே நம்ப வேண்டும்.

சுத்தியலும் பிடியும்

வெளியே தெரியும் சுத்தியல் உள்ள மாடலைப் புதியவர்கள் விரும்புவதற்குக் காரணம், அதைப் பின்னிழுத்து வைத்துவிட்டால் டிரிகர் மிக லேசாகிவிடும் என்பது. அந்த வசதியிலேயே பழகியவர் கனமான முழு இழுப்பைக் கற்பதே இல்லை. அதைவிட ஆபத்தானது, பின்னிழுத்த சுத்தியலைச் சுடாமல் கீழே இறக்கும் வேலை. தோட்டா நிரம்பிய சிலிண்டர் அறைக்கு மேலே, வியர்த்த கட்டைவிரல் ஒன்றுதான் பிடிமானம். சுத்தியல் முழுவதும் மூடப்பட்ட மாடல்கள் 1950களின் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. அவை இந்தச் சபலத்துக்கே இடம் தருவதில்லை, உடையிலும் சிக்குவதில்லை. முதல் ரிவால்வராக அதையே நான் சொல்வேன்.

பிடி சிறியதாக இருந்தால் சுண்டுவிரல் தொங்கும். சுடும்போது டிரிகர் வளையத்தின் பின்பக்கம் நடுவிரல் மூட்டில் மோதும். இதற்காகத் துப்பாக்கியை மாற்றத் தேவையில்லை, பிடியை மாற்றினால் போதும். மிக எளிதாகத் தீரும் குறை இது. ஆனாலும் பலர் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயன்படுத்தியதை வாங்கும்போது

ஒவ்வொரு அறையும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, விற்பவரின் அனுமதியோடு சோதிக்க வேண்டும். டிரிகரை மிக மெதுவாக இழுத்துக்கொண்டே, மற்றொரு கையின் விரலால் சிலிண்டரை லேசாக உரசித் தடை கொடுங்கள். சுத்தியல் விழுவதற்கு முன்பே சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா அறைகளுக்கும் இதைச் செய்யுங்கள். ஓர் அறை மட்டும் பிந்தினாலும் பழுது பார்க்க வேண்டிய துப்பாக்கி அது. பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். வெளிப்படையாக ஆடினால் தேய்மானம். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்கும். அதை அளக்கும் தகடு இல்லாவிட்டால், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மிகப் பழைய ரிவால்வர் என்றால், கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் தடுப்பு அதில் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, கப்பல் தளத்தில் விழுந்த ரிவால்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதற்குப் பின்தான், 1944இன் இறுதியில், ஸ்மித் அண்ட் வெசன் தன் தடுப்பை மேம்பட்ட வடிவில் மாற்றியமைத்தது.

கையாளும்போது

சிலிண்டரை மணிக்கட்டைச் சுண்டி மூடுவது திரையில் அழகாக இருக்கலாம். உண்மையில் சிலிண்டரைத் தாங்கும் சிறு உலோகக் கை அதனால் வளைகிறது. அறைகள் குழலோடு நேர்கோட்டில் அமையாமல் போகின்றன. இரண்டு கைகளாலும் மெதுவாக மூடுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான அந்த மெல்லிய இடைவெளி வழியாக ஒவ்வொரு முறையும் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். வேறு வகைக் கைத்துப்பாக்கியில் பழகியவர்கள் கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள்; ரிவால்வரில் அந்தப் பிடி விரலைக் கிழித்துவிடும்.

வெற்று உறைகளை வெளியேற்றும்போது குழல் முனை வானைப் பார்க்க வேண்டும். இதில் பலரும் அக்கறை காட்டுவதில்லை. குட்டைக் குழல் ரிவால்வரில் வெளித்தள்ளும் கம்பியும் குட்டைதான். உறைகளை முழுமையாகத் தள்ள அதற்கு எட்டாது. நிமிர்த்திப் பிடித்து ஒரே வேகமான அழுத்தத்தில் தள்ளினால் மீதியை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். படுக்கவைத்துத் தள்ளினால் எரியாத வெடிமருந்துத் துகள்கள் நட்சத்திர வடிவ வெளித்தள்ளியின் அடியில் விழுந்து தங்கிவிடும். சில துகள்கள் போதும்; வெளித்தள்ளி முழுமையாக உட்காராது, சிலிண்டர் மூடாது, அல்லது மூடினாலும் சுழலாது. ரிவால்வர் "திடீரென்று இறுகிவிட்டது" என்று கொண்டுவரப்படும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், சுடுதளத்தில் உடனே மறுபடி இழுக்காதீர்கள். தாமதமாக எரியும் தோட்டா, சிலிண்டர் சுழன்று குழலை விட்டு விலகிய பிறகு வெடித்தால் பெரும் ஆபத்து. பாதுகாப்பான திசையில் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருங்கள். வழக்கத்தைவிட மெலிந்த ஓசை கேட்டாலும் நிறுத்துங்கள்: குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். குழல் காலி என்று பார்த்து உறுதி செய்யாமல் அடுத்த தோட்டாவைச் சுடக் கூடாது.

சுத்தம் செய்வதில்

எண்ணெயை அள்ளிப் பூசுவதுதான் இங்கே பொதுவான தவறு. மிகுந்த எண்ணெய் தூசியையும் கரியையும் பிடித்துப் பசையாகிவிடும். அறைகள் உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் உறை சுவரைப் பற்றாமல், தன் முழு விசையையும் பின்னால் இருக்கும் சட்டத்தின் மீது செலுத்தும். சுழலும் இடங்களுக்கு ஒரு துளி, வெளிப்புறத்துக்கு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான்.

.357 அறைகளில் .38 தோட்டாக்களைச் சுட்டால், குட்டை உறை முடியும் இடத்தில் கரி வளையம் படியும். அதைத் தூரிகையால் நீக்காமல் விட்டால், நீளமான தோட்டா பின்னர் உள்ளே முழுமையாக இறங்காது. ஆனால் சிலிண்டரின் முன்முகத்தில் தெரியும் கருவளையங்கள் வெறும் நிறம்தான், அவற்றை விட்டுவிடலாம். அவற்றைத் தேய்த்தே தீருவேன் என்று ஈயம் நீக்கும் துணியை எடுப்பவர்கள் நீலமேற்றிய பூச்சையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். டைட்டானியம் சிலிண்டரில் அராவித் தேய்க்கும் பொருள் எதுவும் படவே கூடாது. மேலிருக்கும் காப்புப் பூச்சு போய்விடும். நிக்கல் பூசியவற்றுக்கு அம்மோனியா கலந்த கரைப்பான் ஆகாது.

ரிவால்வரின் குழலை முனைப்பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் சுத்தம் செய்ய முடியும். உலோகக் கம்பி முனையின் விளிம்பில் உரசினால் துல்லியம் கெடும். கம்பிக்கு வழிகாட்டி பொருத்துங்கள், அல்லது பின்னிருந்து இழுக்கும் கயிறு வகையைப் பயன்படுத்துங்கள்.

உள்ளிருக்கும் இயக்கப் பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைத் திறக்காதீர்கள். நெம்பித் திறந்தால் விளிம்பு சிதையும். பிறகு அது ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. சில ரிவால்வர்களில் பிடியின் முன்பக்கம் இருக்கும் திருகை, டிரிகரை இலகுவாக்கத் தளர்த்துவதும் அப்படித்தான்: சுத்தியலின் அடி மெலிந்து, தோட்டா வெடிக்காமல் போகும். நீங்களே கவனிக்க வேண்டிய திருகு வெளித்தள்ளும் கம்பிதான். அது தளர்ந்தால் சிலிண்டர் திறக்க மறுக்கும். ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்களில் 1960 அளவிலிருந்து அதன் மரை இடப்புறமாகச் சுழல்கிறது. வழக்கமான திசையில் இறுக்க முயன்றால் கழன்று வரும். இறுக்கும் முன் அறைகளில் வெற்று உறைகளை இட்டுக்கொண்டால் வெளித்தள்ளி முறுக்கிக்கொள்ளாது.

தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பயிற்சி செய்வது மிக நல்லது. நவீன ரிவால்வர்கள் பெரும்பாலும் தாங்கும், போலித் தோட்டா இட்டால் இன்னும் நல்லது. உண்மையான தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். .22 போன்ற விளிம்பில் அடிபடும் வகைகளில் மட்டும் வெற்றாக இழுக்கக் கூடாது: அடிக்கும் ஊசி அறையின் விளிம்பிலேயே மோதி அதைச் சிதைக்கும்.

தோல் உறைக்குள் வைத்தே பூட்டி வைப்பது துருவுக்கு அழைப்பு. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து உலோகத்தை அரிக்கும். துடைத்து, உறையிலிருந்து எடுத்து, பூட்டிய பெட்டியில் வையுங்கள். சட்டைப் பையில் சுமப்பவர்கள் டிரிகரை மூடும் பை உறையோடு மட்டுமே சுமக்க வேண்டும், அந்தப் பையில் சாவியோ நாணயமோ வேறெதுவுமோ இருக்கக் கூடாது. அப்படிச் சுமந்தால் வாரம் ஒருமுறையாவது தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்குள்ளும் வெளித்தள்ளியின் அடியிலும் பஞ்சுத் தூசி படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.