திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் நடுவே: பன்னாட்டு அமைப்பில் பொருளாதார ஆளுகைக் குழுவை வழிநடத்தும் முறை

ஐக்கிய நாடுகள் சபையின் ஐந்து வட்டார ஆணையங்கள் ஜெனீவா, பாங்காக், சாந்தியாகோ, அடிஸ் அபாபா, பெய்ரூட் ஆகிய நகரங்களிலிருந்து இயங்குகின்றன. இவற்றிலும் இவற்றை ஒத்த வேறு பன்னாட்டு அமைப்புகளிலும், உறுப்பு நாடுகளின் வளர்ச்சித் திட்டமிடல், பொது நிதி, அரசு நிறுவனங்களின் செயல்பாடு ஆகியவற்றைக் கவனிக்கும் சிறு குழுக்கள் உண்டு. அப்படியொரு குழுவுக்குத் தலைமை ஏற்கவிருப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பல நாடுகளில் ஐந்தாண்டுத் திட்டத்தை ஓர் அமைச்சகம் எழுதுகிறது; பணத்தை வேறோர் அமைச்சகம் ஒதுக்குகிறது. இரண்டும் ஒரே அமைச்சகத்துக்குள் இருக்கும் நாடுகளிலும் அவை தனித்தனிப் பிரிவுகளாக, தனித்தனி நாட்காட்டியோடும் தனித்தனிக் கணக்குத் தலைப்புகளோடும் வேலை செய்கின்றன. இந்த இடைவெளிதான் உங்கள் குழுவின் பணியிடம். குழு எழுதும் எந்த ஆய்வும், தரும் எந்தப் பயிற்சியும் இந்த இடைவெளியைச் சிறிதளவேனும் குறைக்கிறதா என்று கேட்டபடியே ஒரு தலைவர் முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் ஆறு வாரங்கள்

குழு எந்தத் தீர்மானத்தின் பேரில் உருவானது, நடப்பு ஆண்டின் செயல்திட்ட ஆவணத்தில் அதற்கு என்னென்ன பணிகள் குறிக்கப்பட்டுள்ளன, கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த நாடுகள் எழுத்து மூலம் உதவி கேட்டன, அவற்றுள் எத்தனை கோரிக்கைகளுக்குப் பதில் போயிற்று என்பவற்றை முதலில் படியுங்கள். கடைசிக் கேள்விக்கான விடையை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், கோப்புகளைப் பிரித்து நீங்களே எண்ணிப் பார்ப்பது நல்லது. பதில் போகாத கடிதங்களில்தான் குழுவின் உண்மையான வேலைப்பட்டியல் இருக்கும்.

அடுத்து, நீங்கள் பணியாற்றும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே பக்கத்தில் அடங்கும் குறிப்பு ஒன்றைத் தயாரிக்கச் சொல்லுங்கள். நிதியாண்டு எந்த மாதம் தொடங்குகிறது, அமைச்சகங்களிடம் செலவு மதிப்பீடுகளைக் கேட்டு நிதியமைச்சகம் அனுப்பும் பட்ஜெட் சுற்றறிக்கை எப்போது வெளியாகிறது, அமைச்சகங்களுக்கான செலவு உச்சவரம்பை யார் முடிவு செய்கிறார்கள், மதிப்பீடுகள் சட்டமன்றத்துக்கு எப்போது போகின்றன, நடப்புத் திட்டம் எந்த ஆண்டோடு முடிகிறது என்பவை அதில் இருந்தால் போதும். நிதியாண்டு சில நாடுகளில் ஜனவரியில் தொடங்குகிறது. சிலவற்றில் ஏப்ரலிலோ ஜூலையிலோ அக்டோபரிலோ தொடங்குகிறது. ஆகவே பல நாடுகளுக்கு ஒரே காலத்தில் உதவும் குழுவுக்குப் பொதுவான "நல்ல பருவம்" என்று ஒன்று கிடையாது.

இந்த நாட்காட்டியின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள, பொது நிதி மேலாண்மையை மதிப்பிடும் 'பெஃபா' முறையைப் பாருங்கள். 2001இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் 2016 வடிவத்தில் 31 குறியீடுகள் உள்ளன. பட்ஜெட் தயாரிப்பைப் பற்றிய குறியீட்டில் உயர்ந்த தரம் பெற வேண்டுமானால், சுற்றறிக்கை கிடைத்த பிறகு மதிப்பீடுகளைத் தயாரிக்க அமைச்சகங்களுக்குக் குறைந்தது ஆறு வாரம் இருக்க வேண்டும். நிதியாண்டு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகப் பட்ஜெட் சட்டமன்றத்தை அடைய வேண்டும். ஜனவரியில் நிதியாண்டு தொடங்கும் ஒரு நாட்டுக்கு இதைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அக்டோபர் இறுதிக்குள் பட்ஜெட் சட்டமன்றத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் அமைச்சரவை ஒப்புதல், அதற்கும் முன் நிதியமைச்சகத்தோடு நடக்கும் பேச்சுகள், அதற்கும் முன் அந்த ஆறு வாரம். அப்படியானால் சுற்றறிக்கை ஆண்டின் நடுப்பகுதியிலேயே வெளிவந்தாக வேண்டும். அதில் இடம்பெறும் உச்சவரம்புகள் அதற்கும் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். செப்டம்பரில் போய்ச் சேரும் ஆய்வு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அடுத்த ஆண்டின் பட்ஜெட்டைத் தொடாது. குழுவின் வேலைத்திட்டத்தை உங்கள் அமைப்பின் காலாண்டுகளை வைத்து வகுக்காமல் இந்தத் தேதிகளை வைத்தே வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்க அட்டவணை

நான் எந்தக் குழுவிலும் முதலில் வற்புறுத்துவது இதைத்தான். ஒரு நாட்டின் திட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதற்கு முன்பே, நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்று மேசைக்கு வர வேண்டும். துறைத் திட்டம் கோரும் தொகை, அடுத்த சில ஆண்டுகளின் செலவை முன்கூட்டியே வகுக்கும் நடுத்தரகாலச் செலவுக் கட்டமைப்பு அந்தத் துறைக்கு விதிக்கும் உச்சவரம்பு, அதில் ஏற்கெனவே கட்டுண்ட செலவு, மீதி என்பவையே அந்த நான்கும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. கல்வித் துறைத் திட்டம் இரண்டாம் ஆண்டுக்கு 900 கோடி கோருகிறது என்று கொள்வோம். செலவுக் கட்டமைப்பு தரும் உச்சவரம்பு 620 கோடி. அதில் ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம், பாதியில் நிற்கும் கட்டுமானங்கள் என்று கட்டுண்ட செலவு 540 கோடி. கோரிய 900 கோடியில் இது போக, திட்டத்தின் புதிய பணிகளுக்குத் தேவை 360 கோடி. கையில் இருப்பது 80 கோடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு, "முன்னுரிமை தேவை" என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் இராது. 80 கோடிக்குள் எந்தப் பணி நிற்கும், எது இரண்டாண்டு தள்ளிப்போகும் என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

அட்டவணையைத் தயாரிப்பது கேட்பதற்கு எளிது; செய்யும்போது கடினம். திட்டம் "தூண்கள்", "இலக்குகள்" என்று பிரிக்கப்பட்டிருக்கும். பட்ஜெட்டோ அமைச்சகம், துறை, சம்பளம், கொள்முதல், மூலதனம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். அரசுச் செலவைப் பத்துப் பெரும் பணிப்பிரிவுகளாக வகுக்கும் பன்னாட்டு வகைப்பாடு இங்கே உதவும். ஒவ்வொரு திட்டப் பணியும் எந்தப் பட்ஜெட் வரியில் விழுகிறது என்று காட்டும் இணைப்பு அட்டவணையை, அந்த நாட்டு அலுவலர்களோடு உட்கார்ந்து, ஒரு துறைக்காவது முழுமையாகச் செய்யுங்கள். நிலைத்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளையும் அவற்றின் 169 உள்ளிலக்குகளையும் பட்ஜெட்டோடு இணைத்துக் காட்டச் சொல்லிப் பல நாடுகள் கேட்கின்றன. அதைச் செய்யும்போது ஒரே நீர்ப்பாசனச் செலவை உணவு, நீர், வேலைவாய்ப்பு, பருவநிலை என்று நான்கு தலைப்பிலும் முழுத்தொகையாகக் கூட்டிவிடும் பிழை மிக எளிதாக நேர்கிறது. கூட்டுத்தொகை மொத்தப் பட்ஜெட்டை மிஞ்சினால் எங்கோ இது நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மூலதனச் செலவில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனை கட்டும் செலவு திட்டத்தில் இருக்கும். கட்டிய பின் ஆண்டுதோறும் தேவைப்படும் செவிலியர் சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவை எங்கும் இரா. பன்னாட்டு நாணய நிதியம் 2015இல் அறிமுகப்படுத்திய பொது முதலீட்டு மேலாண்மை மதிப்பீடு, திட்டமிடல், ஒதுக்கீடு, நடைமுறைப்படுத்தல் என்ற மூன்று கட்டங்களில் 15 நிறுவன ஏற்பாடுகளை ஆராய்கிறது. உங்கள் குழு அதையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை. அந்த மதிப்பீடு ஏற்கெனவே நடந்த நாடாக இருந்தால் அறிக்கையைக் கேட்டு வாங்கி, அது சுட்டிய குறைகளில் எது அட்டவணையில் இன்னும் தெரிகிறது என்று பாருங்கள்.

வரைவைத் திருத்துவது

இத்தகைய குழுவில் வழக்கமாக இருவகைப்பட்டவர்கள் இருப்பார்கள். ஒருவர் பொருளாதார மாதிரிகளை இயக்குபவர். வளர்ச்சி விகிதம், கடன் விகிதம் என்று பேசுவார். மற்றவர் நிறுவனங்களைப் படிப்பவர். எந்தச் சட்டப்பிரிவு, எந்தக் குழு, யார் கையெழுத்து என்று பேசுவார். இவர்கள் தனித்தனி அத்தியாயங்கள் எழுதி அவற்றைச் சேர்த்துத் தைத்தால் யாருக்கும் பயன்படாத அறிக்கை பிறக்கும். ஒரே நாட்டுக்கு இருவரையும் சேர்த்து அனுப்புங்கள். அட்டவணையின் ஒவ்வொரு எண்ணுக்கும் "இந்த எண்ணை மாற்றும் அதிகாரம் யாருக்கு" என்ற விடையை இருவருமாகச் சேர்ந்து எழுதட்டும்.

தலைவரின் நேரத்தில் பெரும்பகுதி வரைவுகளைப் படிப்பதிலேயே போகும், போகவும் வேண்டும். ஓர் இளம் அலுவலர் "அரசு தனது நிறுவனத் திறனை வலுப்படுத்த வேண்டும்" என்று எழுதிக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். அதில் பிழை இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளை காலை யாரும் எதையும் செய்ய முடியாது. யார், எந்த ஆவணத்தில், எப்போது என்ற மூன்றையும் அவரிடமே கேளுங்கள். பேசி முடிக்கையில் அந்த வாக்கியம் இப்படி மாறியிருக்கும்: "அடுத்த பட்ஜெட் சுற்றறிக்கையில், புதிய கட்டுமானம் கோரும் ஒவ்வோர் அமைச்சகமும் அதன் பராமரிப்புச் செலவை அடுத்துவரும் மூன்று ஆண்டுகளுக்குத் தனி வரியில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நிதியமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு சேர்க்கலாம்." இந்த மாற்றத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அரைமணி நேரம் மிச்சமாகும், ஆனால் அடுத்த வரைவிலும் பழைய வாக்கியமே வரும்.

எண்களையும் இதே கவனத்தோடு பாருங்கள். கடன் விகிதம் என்று வரும் இடத்திலெல்லாம் அது மத்திய அரசின் கடனா, அரசு நிறுவனங்களின் கடனும் சேர்ந்ததா, எந்த ஆண்டின் உள்நாட்டு உற்பத்தியால் வகுக்கப்பட்டது என்று பக்க ஓரத்தில் குறிப்பு இருக்க வேண்டும். எண்ணை எடுத்தவரைத் தவிர இன்னொருவர் மூல ஆவணத்தைத் திறந்து சரிபார்த்துக் கையொப்பமிடாமல் எந்த அட்டவணையும் குழுவைவிட்டு வெளியே போகக் கூடாது.

இரண்டு அமைச்சகங்களும் ஒரு சாசனமும்

ஐ.நா. சாசனத்தின் 100ஆம் பிரிவு, செயலகப் பணியாளர்கள் எந்த அரசிடமிருந்தும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது என்கிறது; அவர்கள்மீது செல்வாக்குச் செலுத்த முயலக் கூடாது என்று உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. குழுவில் பல நாட்டினர் இருப்பார்கள். ஒருவர் தம் சொந்த நாட்டைப் பற்றிய ஆய்வுக்குத் தலைமை தாங்காதபடி பணியைப் பகிர்ந்தளிப்பது, அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பதாகாது; அவரைத் தொல்லையிலிருந்து காப்பதாகும்.

ஓர் அரசுக்குப் பிடிக்காத முடிவு வரும்போது வரைவை முன்கூட்டியே அந்த நாட்டுக்குக் காட்டுங்கள். உண்மைப் பிழைகளைத் திருத்த முழு வாய்ப்புக் கொடுங்கள்; கணிப்பையும் கருத்தையும் உங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு குறிப்புக்கும், ஏற்கப்பட்டது அல்லது ஏற்கப்படவில்லை, அதற்கான காரணம் என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

வரைவை நிதி, திட்டமிடல் ஆகிய இரண்டு அமைச்சகங்களுக்கும் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்பதை நான் கற்றது ஒரு தவறு செய்த பிறகுதான். நான் பொறுப்பேற்றிருந்த பணி ஒன்றில் செலவு அட்டவணையின் வரைவை நிதியமைச்சகத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டேன். கலந்தாய்வுக் கூட்டத்தில்தான் திட்டமிடல் அமைச்சகத்தின் மூத்த அலுவலர் அந்தத் தாளை முதன்முறையாகப் பார்த்தார். அவர் எண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தாளை மடித்து மேசைமீது வைத்துவிட்டு, இதை ஆராய நேரம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது நியாயம். அந்த ஆண்டின் உச்சவரம்புப் பேச்சு எங்கள் அட்டவணை இல்லாமலே நடந்து முடிந்தது. அதன் பிறகு எந்த வரைவையும் இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில், ஒரே முகப்புக் கடிதத்தோடுதான் அனுப்பி வருகிறேன்.

காலக்கெடுவும் பணமும்

ஐ.நா. செயலகம் தயாரிக்கும் அறிக்கைகளுக்கு 8,500 சொல் என்ற வரம்பு உண்டு. கூட்டத்துக்குப் பத்து வாரம் முன்பு ஆவணப் பிரிவுக்கு அறிக்கை போக வேண்டும். ஆறு வாரம் முன்பு ஆறு அலுவல் மொழிகளிலும் அது வெளியாக வேண்டும். ஆகவே உங்கள் குழுவுக்குள் வரைவு முடியும் நாளை அந்தப் பத்து வாரத்துக்கும் முன்னால், மீளாய்வுக்கும் மேலதிகாரி ஒப்புதலுக்கும் இடம்விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே வரும் நன்கொடை நிதியை ஏற்பதில் நிதானம் தேவை. அதன் முடிவுத் தேதி உதவி கேட்ட நாட்டின் பட்ஜெட் நாட்காட்டியோடு பொருந்தாவிட்டால், பொருந்தும்படி ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பேசி மாற்றுங்கள்.

ஓராண்டு கழித்து

எத்தனை பயிலரங்குகள், எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்ற எண்ணிக்கை உங்கள் அமைப்பின் அறிக்கைக்குத் தேவைப்படும், கொடுங்கள். குழுவுக்குள் வேறொரு பரிசோதனையை வைத்துக்கொள்ளுங்கள். பணி முடிந்து பன்னிரண்டு மாதம் கழிந்த பின், அந்த நாட்டின் புதிய பட்ஜெட் சுற்றறிக்கையைத் திறந்து, நீங்கள் பரிந்துரைத்த நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அமைச்சகங்கள் சமர்ப்பித்த மதிப்பீடுகளில் அந்த வரி நிரப்பப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சட்டமும் படிவமும் மாறி, வழக்கம் மாறாமல் நிற்பதை இந்த இரண்டாவது கேள்விதான் காட்டிக்கொடுக்கும். காலியாக விடப்பட்டிருந்தால், நிரப்ப வேண்டிய அலுவலரிடமே போய்ப் பேசுங்கள்; பராமரிப்புச் செலவைக் கணக்கிடத் தேவையான அலகு விலைப் பட்டியல் அவரிடம் இல்லை என்பது போன்ற மிக எளிய காரணம் வெளிப்படலாம். அப்படியானால் அந்தப் பட்டியலைத் தயாரிக்க உதவுவதுதான் அந்த நாட்டில் உங்கள் குழுவின் அடுத்த பணி.