அட்டை பிள்ளை பெயரிலேயே இருக்கட்டும்

கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேரும்போது அட்டையை உங்கள் பெயரில் வாங்காமல் பிள்ளையின் பெயரிலேயே வாங்குங்கள். தன் பெயர் எழுதிய அட்டையை நீட்டிப் புத்தகம் எடுக்கும்போது அந்த முகத்தைப் பார்க்கணுமே! எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அதே படக்கதையை நாலாவது தடவை எடுத்தாலும் வாயைத் திறக்காதீர்கள். திருப்பித் தர வேண்டிய தேதியை நாட்காட்டியில் அவர்கள் கையாலேயே வட்டமிடச் சொன்னால், அடுத்த முறை கிளம்பச் சொல்லி அவர்களே நச்சரிப்பார்கள்.

தமிழ்நாட்டில் பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு தோதுப்படும். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், சும்மா விடுவானேன்? சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.