என் அனுபவம்: பிரெஞ்சு வகுப்பில் மீனும் நஞ்சும்

திருகோணமலையில் பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு பேசப் பழக்கும்போது தடங்கல் கொப்பியில்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ் உச்சரிப்பு. மீன் (poisson), குடிபானம் (boisson), நஞ்சு (poison) மூன்றுக்கும் அதில் ஒரே எழுத்துக்கூட்டல்: 'புவாசோன்'. உப்புவெளி உணவகத்தில் பாரை மீனைப் பற்றிச் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு இது சின்னப் பிழையல்ல.

முதல் வேலை, தமிழில் எழுதுவதை நிறுத்தியது. அடுத்தது, குரல் அதிர்கிறதா என்று தெரிய, தொண்டையின் வெளிப்பக்கம் 2 விரல் வைப்பது. மீனுக்கு முதல் எழுத்திலும் நடு ஸகரத்திலும் அதிர்வு இல்லை. முதல் எழுத்து அதிர்ந்தால் குடிபானம்; ஸகரம் அதிர்ந்தால் நஞ்சு. அதிரும் பகரம் 'தம்பி'யிலேயே இருக்கிறது: தம்பி, ம்பி, பி என்று குறைத்து வர வேண்டும். 'ம்' ஒட்டிக்கொண்டே வரும். அதை உதிர்க்கத்தான் கூடுதல் நாள் பிடிக்கும். அதிரும் ஸகரத்துக்கு வண்டு ரீங்காரம் போல 'ஸ்ஸ்' என்று நீட்டி, இடையில் குரலைச் சேர்க்கலாம். கடைசி ஓகாரம் மூக்கால் வர வேண்டும், நாக்கு மேலே தொடக் கூடாது.

பிறகு 3 பட அட்டைகள், 2 பேர். ஒருவர் சொல்ல மற்றவர் தொட்டுக் காட்டுவார். வகுப்புக்கு 10 நிமிடம். வீட்டில் 20 செக்கன் வாட்ஸ்அப் குரல் பதிவு. கேட்டதை எழுதுவது சக மாணவர், ஆசிரியர் அல்ல. ஆசிரியர் சொல்லப்போவதை ஊகித்துத் திருத்திவிடுவார், சக மாணவர் காதில் விழுந்ததையே எழுதுவார்.

நீ, நீங்கள் வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. அதை ஆங்கிலம் வழியாகச் சுற்றாமல் நேரே தமிழில் சொல்லுங்கள்.