பொதுக் கேஷில் இடத்துக்கு வாடகை வைப்பது எப்படி

சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடி. அங்கே நாலு சிறு அலுவலகங்களுக்கும் ஒரே ஸ்க்விட் பிராக்ஸி (இணையத்திலிருந்து வருவதை வட்டில் நகலாக வைத்து, அடுத்தவர் கேட்டால் அங்கிருந்தே தரும் இடைச் சேவையகம்; அந்தச் சேமிப்பே கேஷ்) என்றால், வட்டில் யாருடைய கோப்பு தங்குவது என்ற சச்சரவு வரும். ஆளுக்கொரு பங்காக வட்டைப் பிரிக்காதீர்கள். ஒரே கோப்பு நாலு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இடம் பொதுவில் இருக்கட்டும், வாடகையை வையுங்கள்.

எதை மிச்சப்படுத்துகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் ஃபைபருக்குப் பெரும்பாலும் மாதக் கட்டணம்தான், ஜிபி கணக்கில்லை. அதனால் மிச்சமாவது நேரம்: அமெரிக்க மேற்குக் கரைக்குப் போய்வரவே ஏறத்தாழ 170 மில்லிசெகண்ட். வட்டு நிறைந்ததும் எதை வெளியேற்றுவது என்பதற்கு ஸ்க்விட்டில் சில கொள்கைகள் உண்டு: நேரம் முக்கியமென்றால் சிறு கோப்புகளை அதிகம் தங்கவைக்கும் ஜிடிஎஸ்எஃப், பைட்டுக்குக் காசு கட்டும் இடமென்றால் பெரிதானாலும் அடிக்கடி கேட்பதைத் தங்கவைக்கும் எல்எஃப்யுடிஏ.

ஜிடிஎஸ்எஃப்-இன் வேர், 1997இல் பெய் சாவ், சாண்டி இரானி இருவரும் தந்த கிரீடி டூயல் சைஸ் முறை. மிச்சமாகும் செலவை அளவால் வகுத்தால் கோப்பின் மதிப்பு. மதிப்பு குறைந்தது வெளியேறும், அதன் மதிப்பே அடுத்து வருபவற்றுக்கு அடித்தளம். அதுதான் அன்றைய வாடகை. ஸ்க்விட் இதில் எத்தனை முறை கேட்டார்கள் என்பதையும் சேர்க்கிறது. ஸ்க்விட்டில் இயல்பாக வரும் எல்ஆர்யு கொள்கை கடைசியாகத் தொட்ட நேரத்தை மட்டுமே பார்க்கும். 800 எம்பி கோப்பு ஒன்று நுழைந்தால் 20 கேபி கோப்புகள் 40,000 காலி.

அமைப்புக் கோப்பில் கொள்கை வரியும் ஒரு கோப்பின் உச்ச அளவைச் சொல்லும் வரியும், வட்டு இடத்தைக் குறிக்கும் கேஷ் டிர் வரிக்கு மேலே வர வேண்டும். கீழே எழுதினால் அந்த வட்டுக்குச் செல்லாது; பலர் சறுக்குவது இங்கேதான். உச்ச அளவு இயல்பில் 4 எம்பி, எல்எஃப்யுடிஏ-வுக்கு அதை உயர்த்துங்கள். 64 பிட்டில் வட்டின் ஒவ்வொரு ஜிபிக்கும் சுமார் 14 எம்பி ராம் வேண்டும்: 100 ஜிபிக்கு 1.4 ஜிபி, கேஷ் மெம் (ராமிலேயே கோப்பு வைக்கும் இடம்) தனி. ராம் போதாமல் ஸ்வாப்புக்கு (வட்டையே ராமாகப் பயன்படுத்தும் நிலைக்கு) போனால் கேஷ் இல்லாததே மேல்.

முதலில் இறக்கியவர் தலையில் முழுச் செலவையும் கட்டினால், அடுத்தவர் இறக்கட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். ஆகவே மாத முடிவில் அக்சஸ் லாகை, அதாவது யார் எதைக் கேட்டார் என்று ஸ்க்விட் எழுதும் பதிவை, அலசுங்கள்: மூன்றாம் புலம் முகவரி, நான்காவது ஹிட்டா (கேஷிலிருந்து தந்தது) மிஸ்ஸா (வெளியிலிருந்து இறக்கியது), ஐந்தாவது பைட், ஏழாவது யுஆர்எல். ஒரு யுஆர்எல்லின் மிஸ் பைட்டை அதைக் கேட்ட அலுவலகங்களுக்குச் சமமாகப் பகிருங்கள். 600 எம்பி அப்டேட்டை மூவர் எடுத்தால் தலைக்கு 200. அந்த விகிதத்தில் மின்கட்டணமும் வட்டுச் செலவும்.

லாகில் கனெக்ட் என்று வரும் எச்டிடிபிஎஸ் வரிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மறையாக்கிய அந்தச் சுரங்கத்துக்குள் போவதைக் கேஷ் பார்ப்பதில்லை. டெபியன் லினக்ஸின் மென்பொருள் தொகுப்புகள் போல எச்டிடிபியில் வருபவற்றில்தான் பலன் தெரியும். லாகில் யார் எங்கே போனார் என்பது பதிவாகிறது, 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பில்லில் மொத்த எண்ணை மட்டும் காட்டுங்கள்.