இளம் டைட் எண்டை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்து வீரர்களை வைத்து நாமே கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கேற்பப் புள்ளி பெறுவதுதான் ஃபேண்டஸி ஃபுட்பால். அதில் டைனஸ்டி லீக் என்ற வகையில் ஒரு வீரரை எடுத்தால், நாமாகக் கைமாற்றும் வரை அவர் வருடக்கணக்கில் நம் அணியில்தான் இருப்பார். அங்கே பலரும் பொறுமை இழப்பது டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடுபவர்கள் விஷயத்தில்தான். ரூக்கி வருடத்தில், அதாவது முதல் வருடத்தில், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றால் உடனே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதைத்தான் முதல் தவறு என்பேன்.

டைட் எண்டுக்கு இரட்டை வேலை. பந்தைப் பிடிக்கும் ரிசீவரைப் போல ரூட் (பந்து வாங்கத் திட்டமிட்ட பாதை) ஓடவேண்டும், முன்வரிசை லைன்மேனைப் போல எதிராளியைத் தடுத்து பிளாக்கும் செய்யவேண்டும். இரண்டும் கைவர நாளாகும். 2017 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், ஐந்தாம் சுற்றில் வந்த ஜார்ஜ் கிட்டில் முதல் வருடம் பந்து பிடித்து எடுத்த தூரம் 515 யார்டுதான், அடுத்த வருடமே 1,377. டிரே மெக்பிரைடு 2022இல் 29 கேட்ச், 265 யார்டு. மறு வருடம் நடுவில் அதே அணியின் மூத்த டைட் எண்ட் ஸாக் எர்ட்ஸ் காயத்தில் ஒதுங்கியதும் இடம் திறந்தது, 81 கேட்ச். 2024இல் 111. அந்த முதல் வருடக் கணக்கைப் பார்த்து அவரைக் கொடுத்தவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, முதல் வருடமே கொட்டினால் கவலை இல்லையா? அங்கேயும் கவனம் தேவை. கைல் பிட்ஸ் 2021இல் நாலாவது ஆளாக டிராஃப்ட் ஆனார். அதற்கு முன் எந்த டைட் எண்டும் அவ்வளவு மேலே போனதில்லை. ரூக்கி வருடத்தில் 1,026 யார்டும் எடுத்தார். அடுத்த வருடம் முழங்கால் காயத்தோடு 10 ஆட்டம், 356 யார்டு. காயம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. அந்த வருடம் அவருடைய அணியான அட்லாண்டா பந்தை எறிந்ததைவிட ஏந்தி ஓடியதுதான் அதிகம். அணி எறியாத பந்தை யாரால் பிடிக்க முடியும்? திறமையை மட்டும் பார்த்து, பந்தை எறியும் குவாட்டர்பேக் யார், பயிற்சியாளர் எப்படி ஆடவைக்கிறார் என்பதை விட்டுவிடக் கூடாது.

டிராஃப்ட் சுற்றை மட்டும் நம்புவதும் அதே ரகம். 2018இல் பால்டிமோர் முதல் சுற்றில் ஹேடன் ஹர்ஸ்டை எடுத்தது, மூன்றாம் சுற்றில் மார்க் ஆண்ட்ரூஸை எடுத்தது. நிலைத்தவர் ஆண்ட்ரூஸ். 2021இல் 107 கேட்ச், 1,361 யார்டு.

அப்புறம் டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது. ஒரே கேட்சில் 6 புள்ளி வருவதால் கண்ணை மறைத்துவிடும். சாம் லாபோர்ட்டா 2023இல் ரூக்கியாக 10 டச்டவுன் அடித்தார், அடுத்த வருடம் 7 ஆனது. மெக்பிரைடு 2024இல் அந்த 111 கேட்சில் அடித்தது 2 மட்டுமே. இந்த இருவரில் யார் மேல் அணி அதிகம் சாய்ந்திருக்கிறது என்பதை டச்டவுன் கணக்கு சொல்லாது. நான் முதலில் பார்ப்பது, குவாட்டர்பேக் எறியப் பின்வாங்கும்போது இவர் எத்தனை முறை ரூட் ஓடுகிறார், அதில் எத்தனை முறை பந்து இவரைத் தேடி வருகிறது என்பதைத்தான். ஸ்னாப் எண்ணிக்கை, அதாவது எத்தனை முறை ஆட்டம் தொடங்கும்போது களத்தில் நின்றார் என்ற கணக்கு, ஏமாற்றும். நாள் முழுக்கக் களத்தில் நின்று பிளாக் மட்டுமே செய்துவிட்டு வருகிறவரும் உண்டு.

உங்கள் லீக்கின் விதியையும் பாருங்கள். மற்றவர்களின் கேட்சுக்கு 1 புள்ளியும் டைட் எண்டின் கேட்சுக்கு 1.5 புள்ளியும் தரும் லீக்கில் 80 கேட்ச் என்றாலே 40 புள்ளி கூடுதல். மற்ற லீக்கில் சரியான விலை இங்கே குறைவான விலை.

வயதுக் கணக்கையும், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கிடம் கடன் வாங்காதீர்கள். ரன்னிங் பேக்குகள் பலர் தளரத் தொடங்கும் 27, 28 வயதில் நல்ல டைட் எண்டுக்கு இன்னும் பல வருடம் பாக்கி இருக்கும். டிராவிஸ் கெல்சி 2022இல், 33 வயதில், 110 கேட்ச் பிடித்து 12 டச்டவுன் அடித்தார். கிட்டில் 2024இல் 31 வயதில் 1,106 யார்டு எடுத்தார். அதனால் 25 வயதில் இப்போதுதான் ரூட் எண்ணிக்கை ஏறத் தொடங்கிய ஒருவரை யாராவது 'வயசாகிடுச்சு' என்று மலிவாகக் கொடுத்தால், அன்றே பேசி முடித்துவிடுங்கள்.