முந்தினால் துரத்தும், நின்றால் காத்திருக்கும்: ரேஸ் கேம் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகலில் ஹட்டன் டவுனில் போன் திருத்துகிற வேலை, ராத்திரியில் கேம் செய்கிற பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பையன்கள் பழைய லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். எல்லாருக்கும் ரேஸ் கேம்தான் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்டால், "அண்ணே, அதுதான் லேசு, ரோட்டைப் போட்டு வண்டிய விட்டா முடிஞ்சிச்சே" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன் என்பதால் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

படம் திக்குவது, எஞ்சின் சத்தம் காதைக் கிழிப்பது, வண்டி மதிலைத் துளைத்துக்கொண்டு தேயிலைக்குள் போய் நிற்பது, இதெல்லாம் இங்கே கிடையாது. அவை ஓட்டிப் பார்த்த முதல் நாளே கண்ணில் படும், நீங்களே திருத்திவிடுவீர்கள். நான் சொல்ல வருவது, செய்யும்போது சரியாகத் தெரிந்து மாதக்கணக்கில் ஆளை ஏமாற்றுகிற தவறுகள். பெரும்பாலும் இவை வருவது ஒரே காரணத்தால்: ரேஸ் கேம் செய்கிறவன் ரேஸ் கேமை மட்டுமே பார்க்கிறான். பேய் கேம், சண்டை கேம், தாவுகிற கேம் செய்தவர்கள் இதே சிக்கல்களை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நாம் எட்டியே பார்ப்பதில்லை.

எட்டு மாதத்தைத் தின்ற ரப்பர் பேண்ட்

என் முதல் கேமில் வண்டி ஒரு பாண் ஓட்டோ. விடியக்காலையில் பீத்தோவனின் 'ஃபியூர் எலிஸ்' மெட்டை ஸ்பீக்கரில் அலறவிட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் வருமே, அதேதான். நாலு ஓட்டோ, மலைமேலிருந்து டவுன் வரைக்கும் ஒரு ரோடு, இறங்க நாலு நிமிஷம். யார் முதலில் கீழே வந்து பாணை விற்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

ஓட்டிப் பார்த்தபோது ஒரு சிக்கல். நன்றாக ஓட்டுகிறவன் மூன்றாவது வளைவிலேயே மற்றவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க்கொண்டிருந்தான், அவனுக்குச் சலிப்பு. ஓட்டத் தெரியாதவனுக்கோ முதல் வளைவுக்குப் பிறகு எதிராளியின் முதுகுகூடத் தெரியவில்லை. எல்லாரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். ஆடுகிறவன் முன்னால் போனால் எதிராளிகளின் வேகத்தைக் கூட்டு, பின்தங்கினால் குறை. ஒரே ஒரு வரி கோட். வண்டிகளை ரப்பர் பேண்டில் கட்டிவிட்டது மாதிரி இழுக்கும் என்பதால் இதற்கு ரப்பர் பேண்ட் என்றே பெயர். 1996இல் வந்த மரியோ கார்ட் 64 என்ற ரேஸ் கேமைப் பற்றி இன்றைக்கும் இதைச் சொல்லிப் புலம்புகிறவர்கள் உண்டு.

முதல் நாள் அது மந்திரம் மாதிரி இருந்தது. எதிராளிகள் எப்போதும் பக்கத்திலேயே, ஒவ்வொரு வளைவிலும் உரசல். அப்புறம் தொடங்கியது கூட்டிக் குறைக்கிற வேலை. எவ்வளவு இழுக்க வேண்டும் என்கிற எண்ணை 0.3 என்று வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, 0.2 என்றால் விலகிவிடுகிறது, 0.25, 0.28, திரும்ப 0.26. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில்கூட லேப்டொப்பைக் கடையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இந்த எண்ணைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம். பிளே ஸ்டோரில் போடக் கட்ட வேண்டிய 25 டொலர், நான் தொடங்கியபோது ஐயாயிரம் ரூபாய், போடுகிற நேரத்தில் ஒன்பதாயிரம்.

போட்ட வாரம் அக்கா மகன் வந்தான். 11 வயது. நாலு தடவை ஆடிவிட்டு, "மாமா, இதுல ஓட்டவே தேவையில்ல" என்றான். எப்படிடா என்றேன். செய்து காட்டினான். மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்தினான், போனை மேசையில் வைத்தான், தட்டில் இருந்த ரொட்டியைச் சம்பலில் தொட்டு நிதானமாகச் சாப்பிட்டான். திரையின் மூலையில் எதிராளிகளின் வேகம் தெரியும்: மூன்று பேரும் மணிக்கு ஆறு கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள், சாமி ஊர்வலம் மாதிரி, இவனுக்காகக் காத்துக்கொண்டு. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினான், கடைசி வளைவில் அமுக்கினான், ஜெயித்தான்.

அடுத்த நாள் நிஜ ஓட்டோ ஓட்டுகிற கூட்டாளி ஒருவனிடம் கொடுத்தேன். அவன் மதிலில் ஒரு தடவைகூட உரசாமல், வளைவுக்கு முன்னால் பிரேக், வளைவுக்குள் கியர் என்று அழகாக ஓட்டினான். முடிவுக்கோட்டுக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு பாண் ஓட்டோ மணிக்கு 120 கிலோமீட்டரில் வந்து முந்தியது. "இது ஓட்டோவாடா, ரொக்கெட்டா?" என்று போனைத் திருப்பித் தந்தவன், அதற்குப் பிறகு அந்தக் கேமைத் தொடவில்லை.

நன்றாக ஓட்டினால் தண்டனை, நின்றால் பரிசு. இதைத்தான் எட்டு மாதம் மெருகேற்றியிருக்கிறேன். எரிச்சல் அதோடு முடியவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எடுத்தேன், கேமே சரிந்துவிட்டது. ரோட்டின் அகலம், வளைவுகளுக்கு நடுவே தூரம், பரிசுக் காசு, எல்லாவற்றையும் அந்த எண்ணை வைத்தே அளந்திருந்தேன். வீட்டைக் கட்டி முடித்த பிறகு அத்திவாரத்தை உருவுகிற கதை. இதனால்தான் ஒரு பையன் வந்து "அண்ணே, 0.3 சரியா இருக்குமா?" என்று கேட்கும்போது எனக்கு இன்னும் தலை சூடாகிறது.

மற்ற வகைக் கேம்களில் ஆளுக்குத் தகுந்த மாதிரி கடினத்தைக் கூட்டிக் குறைப்பது இல்லையா? இருக்கிறது. ரெசிடென்ட் ஈவில் 4 (2005) என்ற சுடுகிற கேம், ஆடுகிறவனுக்குத் தெரியாமலே அதைச் செய்கிறது, யாரும் கோபப்படவில்லை. அங்கே எதிரி ஒரு தடை மட்டும்தான். அவன் இரண்டு குண்டில் விழுந்தானா மூன்றில் விழுந்தானா என்று யார் எண்ணுகிறார்கள்? ரேஸில் எதிராளிதான் அளவுகோல். நான் எவ்வளவு நன்றாக ஓட்டினேன் என்பதை அவனை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அந்த அளவுகோலையே ரப்பரில் செய்தால் எதை அளப்பது?

சரி, வேறு என்ன செய்யலாம்? பேக்மேன் கேமைப் பாருங்கள், 1980இல் வந்தது, நாலு பேய்கள் உங்களைத் துரத்தும். நாலு பேய்க்கும் நாலு குணம். சிவப்பு நேராகத் துரத்தும், இளஞ்சிவப்பு நீங்கள் போகிற திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும், செம்மஞ்சள் துரத்திக்கொண்டு கிட்டே வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இந்த வித்தியாசம் ஒன்றே போதும், விரட்டல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும். இப்போது என் ஓட்டோக்காரர்களில் ஒருவன் பிரேக்கைப் பிந்திப் பிடிப்பான், அதனால் ஈரத்தில் வழுக்குவான். ஒருத்தி ஏற்றத்தில் கெட்டி, பனியில் பயந்தவள். மூன்றாமவன் பின்னால் யாராவது ஹோர்ன் அடித்தால் பதறுவான். யாருடைய வேகத்தையும் நான் தொடுவதில்லை. யாருக்கு எங்கே தடுமாற்றம் என்று தெரிந்துகொள்வது ஆடுகிறவன் வேலை, தெரிந்துகொண்டு முந்தும்போது வருகிற சந்தோஷம் வேறு.

லெஃப்ட் 4 டெட் (2008) என்ற ஸோம்பி கேமைச் செய்தவர்கள் 'டைரக்டர்' என்று ஒன்று வைத்தார்கள். ஆடுகிறவர்கள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று பார்த்து, எப்போது கூட்டமாக ஸோம்பிகளை விடுவது, எப்போது கொஞ்சம் மூச்சுவிட இடம் தருவது என்று அது தீர்மானிக்கும். அதே யோசனையை ரோட்டில் வைக்கலாம். முன்னால் தனியாகப் போகிறவனுக்கு எதிரே ஒரு கொழுந்து லொறி வரட்டும், ஒரு மாடு குறுக்கே நிற்கட்டும். எதிராளியை ஏமாற்றுக்காரனாக்க வேண்டாம்.

இல்லையா, ரப்பர் பேண்ட்தான் வேண்டும் என்றால் திரையில் காட்டுங்கள். கொட் ஹேண்ட் (2006) என்ற சண்டை கேமில் மூலையில் ஒரு மட்டம் ஏறி இறங்கும். நன்றாக அடித்தால் 1, 2, 3 என்று ஏறி எதிரிகள் கடுமையாவார்கள், மேல்மட்டத்தில் சாய்த்தால் அதற்குத் தகுந்த கூடுதல் பரிசும் உண்டு. அங்கே எதிரி கடுமையாவது ஒரு பெருமை. மரியோ கார்ட்டில்கூடப் பின்தங்கியவனுக்கு நல்ல பொருட்கள் கிடைப்பது எல்லாருக்கும் தெரிந்த விதி, அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை.

இன்னொன்று, எதிராளியே தேவையா என்றும் யோசியுங்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கிற மஹகஸ்தோட்ட மலையேற்றத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாகத்தான் போகும், போட்டி கடிகாரத்தோடு. ரோட்டோரம் நிற்கிறவனுக்கு அதில் பரபரப்பு குறைவதாக நான் பார்த்ததில்லை.

பனி என்றால் வெள்ளைத் திரை போடுவது

மலைநாட்டுப் பையன்கள் எல்லாரும் கேமில் பனி வைப்பார்கள், வைக்கத்தான் வேண்டும். ஆனால் வெள்ளையாக ஒரு படலத்தைப் போட்டு ரோட்டை மறைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். பார்க்க அழகு, ஓட்டினால் கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது மாதிரி.

சைலண்ட் ஹில் (1999) பனி நிறைந்த கேம். பழைய பிளேஸ்டேஷனால் தூரத்தை வரைய முடியாது என்பதை அந்தப் பனி மறைத்தது. அதோடு விட்டிருந்தால் அது வெறும் ஒட்டுவேலை. ஆடுகிறவன் கையில் ஒரு சின்ன ரேடியோவைக் கொடுத்தார்கள், பிசாசு கிட்டே வந்தால் அது கரகரக்கும். கண்ணில் எடுத்ததைக் காதுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நானுஓயாப் பக்கம் பனி இறங்கிய சாயங்காலத்தில் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். டிரைவர் வளைவுக்கு முன்னால் ஒரு நீள ஹோர்ன் அடிப்பார், வளைவுக்கு அப்பாலிருந்து இன்னொரு ஹோர்ன் பதில் சொல்லும். அந்தச் சத்தத்தை வைத்தே வருவது லொறியா வேனா, எவ்வளவு தூரத்தில் என்று கண்டுகொண்டு மண் ஓரமாக ஒதுங்குவார். இந்த ஹோர்னை நம் கேம்களில் சும்மா அடித்து விளையாடுகிற பட்டனாக வைத்திருக்கிறோம். அடித்தால் பதில் வரட்டும், இடது காதில் வந்தால் இடப்பக்கம் வண்டி. நான் இதை வைத்த பிறகு ஹெட்போன் இல்லாமல் ஆட மாட்டேன் என்கிறார்கள்.

தோற்றவனைக் காக்கவைப்பது

தாவுகிற கேம்களில் சூப்பர் மீட் பாய் (2010), செலஸ்ட் (2018) இரண்டும் கொடூரமான கடினம். ஆனால் செத்த அடுத்த கணமே மறுபடி நிற்பீர்கள், கோபப்படவே நேரம் இருக்காது. ரேஸ் பக்கம் டிராக்மேனியா இதைப் புரிந்துகொண்டது, ஒரு பட்டன், உடனே தொடக்கக்கோடு. மாறாக பர்ன்அவுட் பாரடைஸ் 2008இல் வந்தபோது தோற்ற போட்டியை மறுபடி தொடங்க வழியே இல்லை, தொடங்கிய சந்திவரை திரும்ப ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னர் ஒரு அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். பையன்கள் செய்வது இன்னும் மோசம்: தோல்விப் பாட்டு, 'மறுபடி ஆடவா' கேள்வி, லோடிங், அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று.

சூப்பர் மீட் பாயிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தை முடித்ததும் நீங்கள் அதுவரை தோற்ற எல்லா முயற்சிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் காட்டும். நான் இதை ஓட்டோக்களுக்குச் செய்தேன், ஆடுகிறவர்களுக்காக இல்லை, எனக்காக. இருபது ஓட்டோவில் பதினேழு ஒரே வளைவில் பள்ளத்துக்குள் பாய்வதைப் பார்த்தபோது, பிழை ஓட்டுகிறவனிடம் இல்லை, நான் போட்ட வளைவில் என்று தெரிந்தது.

ஓரக்கல்லில் வண்டியைச் செருகுவது

செலஸ்டில் தாவும்போது தலை ஒரு மூலையில் மட்டும் லேசாக இடித்தால் கேம் உங்களைச் சத்தமில்லாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு மேலே போகவிடும். விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு நொடியின் சின்னத் துண்டு தாவ அனுமதி உண்டு. ஆடுகிறவன் நினைத்ததைக் கேம் மதிக்கிறது. நம் வண்டிகளோ மதிலின் ஓரக்கல்லில் முனை பட்டால் ஆணி அடித்தது மாதிரி நின்றுவிடும். தொட்டால் வழுக்கிப் போகட்டும், கொஞ்சம் வேகம் குறையட்டும், போதும். நேராகக் கொண்டுபோய் மோதினால் நிற்கட்டும், அது அவன் தேடிக்கொண்டது.

காசு சேர்த்து எஞ்சின் வாங்கவைப்பது

வளைவு எடுக்கத் தெரியாதவனுக்குப் பெரிய எஞ்சினைக் கொடுத்தால் பள்ளத்துக்குள் இன்னும் வேகமாகப் போவான்.

மினி மேப்

அக்கா மகன் நாலு நிமிஷமும் மூலையில் ரோட்டைச் சின்னதாகக் காட்டிய அந்த வட்டத்தைப் பார்த்தே ஓட்டினான், ரோட்டில் நான் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்த கோயிலை அவன் பார்க்கவே இல்லை. மினி மேப்பைத் தூக்கிவிட்டேன்.