படகுல வோல்டேஜ் போர்டு போடுறீங்களா, இந்தத் தப்பெல்லாம் வேணாம்

ஏப்ரல் 15 ஆச்சுன்னா விசைப்படகெல்லாம் நின்னுரும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசத்துலதான் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமெல்லாம் இஞ்சின் வேலை, பெயின்ட், வயரிங்னு எல்லாரும் இறங்குவாங்க. அப்ப எங்கிட்ட வர்ற தம்பிங்க கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே, 12 வோல்ட் பேட்டரில இருந்து போன் சார்ஜ் போடணும், கேபினுக்கு லைட்டு வேணும், எந்த போர்டு நல்லது?" போர்டுன்னா பேட்டரி வோல்ட்ட நமக்கு வேண்டிய அளவுக்கு இறக்கியோ ஏத்தியோ குடுக்குற சின்ன சர்க்யூட். எந்த போர்டுன்னு கேக்குறதுக்கு முன்னாடி உங்க பேட்டரி எவ்ளோ கீழ இறங்குது எவ்ளோ மேல ஏறுதுன்னு மீட்டர் வச்சுப் பாத்துட்டு வாங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்றேன், ஏன்னா முக்காவாசித் தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. (லைட்டுன்னு சொல்றது கேபின், டெக் லைட்டு மட்டும். மீன கூட்டுறதுக்குப் போடுற எல்இடிய மத்திய அரசு 2017லயே தடை பண்ணிருச்சு, அதுக்கு நான் வழி சொல்ல மாட்டேன்.)

12 வோல்ட் பேட்டரிங்கிறது பேருக்குத்தான் 12. ஃபுல்லா ஏறி சும்மா இருந்தா 12.7 காட்டும், இஞ்சின் ஓடி சார்ஜ் ஏறும்போது 14.4 வரைக்கும் போகும், ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சா விடியக்காலைல 11.5க்கும் கீழ வந்துரும். இப்ப ஒருத்தர் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பு 14.4ல சீக்கிரம் போயிருதுன்னு எல்எம் 2596 போர்டு வாங்கி 12க்கு செட் பண்ணி மாட்டுறாரு. இஞ்சின் ஓடுற வரைக்கும் சரியா எரியும். வலைய விட்டுட்டு இஞ்சின நிறுத்துனா லைட்டு மங்கிரும், ஏன்னா அது வோல்ட்ட குறைக்க மட்டுமே தெரிஞ்ச போர்டு, வெளிய வர்றத விட உள்ள ஒண்ணரை வோல்ட்டாவது கூட இருந்தாத்தான் அதால வேலை செய்ய முடியும். இந்த இடத்துக்கு ஏத்தவும் இறக்கவும் தெரிஞ்ச போர்டு வேணும். எக்ஸ்எல் 6009னு கேட்டு வாங்குறப்ப கவனமா பாருங்க, ஒரே காயில் (செம்புக் கம்பிச் சுருள்) இருந்தா அது ஏத்த மட்டும்தான் செய்யும், ரெண்டு காயில் இருக்கிறதுதான் ரெண்டும் செய்யும். பேரு ஒண்ணு, வேலை வேற.

ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் பாக்குற கருவி) இதுல நிறைய மாடல் பேட்டரிய நேராவே எடுத்துக்கும், பின்னாடி ஸ்டிக்கர படிங்க, போர்டே தேவைப்படாது.

அடுத்தது ஆம்ப் கணக்கு. எல்எம் 2596ல 3 ஆம்ப்னு போட்டிருக்கும், அது சிப்போட உச்சம், ஹீட் சிங்க் (சூட்ட இழுத்து வெளிய விடுற உலோகத் துண்டு) இல்லாம தொடர்ந்து ஓட்டணும்னா 2 ஆம்புக்கு மேல போகாதீங்க, அதுவும் மூடுன டப்பாக்குள்ள, இஞ்சின் ரூம் பக்கத்துல, மே மாச வெயில்லன்னா இன்னும் குறைச்சுக்கங்க. ரெண்டு போன் ஒரே நேரத்துல தலா 2 ஆம்ப் இழுத்தா 4 ஆம்ப் ஆச்சு, அதுக்கு 5 ஆம்ப் போர்டு வாங்கி ஹீட் சிங்க் ஒட்டிப் போடுங்க. ஏத்துற போர்டுல இந்தக் கணக்கு இன்னும் ஏமாத்தும். எம்டி 3608ல 2 ஆம்ப்னு இருக்கும், வெளிய எப்பவும் அவ்ளோ கிடைக்கும்னு நம்பாதீங்க. ஒத்த லித்தியம் செல்ல வச்சு 5 வோல்ட் 2 ஆம்ப் எடுக்கணும்னா 10 வாட்ஸ், செல்லு 3.3க்கு இறங்கிருக்கும்போது நஷ்டத்தையும் சேத்தா உள்ள மூணரை ஆம்ப் வேணும். அந்தச் சின்ன போர்டு எங்க போகும்? 7805ங்கிற பழைய 5 வோல்ட் ரெகுலேட்டர் சிப்ப போட்டு ஓட்டலாம்னு இன்னும் சிலர் சொல்றாங்க, 14.4ல இருந்து 5க்கு 1 ஆம்ப் எடுத்தா 9 வாட்ஸுக்கு மேல வெறும் சூடாவே போகும், படகுல அது வேணவே வேணாம்.

சோலார் விஷயத்துல எனக்கே ஒரு போர்டு போச்சு. நாட்டுப்படகு ஒண்ணுல 24 வோல்ட் பேனல், 24தானே, எல்எம் 2596 40 வரைக்கும் தாங்குமேன்னு நேரா குடுத்தேன், வெயில் ஏறினதும் பட்டுனு ஒரு சத்தம். 24னு சொல்ற பேனல் லோடு இல்லாதப்ப 44 வோல்ட் கிட்ட காட்டும். 12 பேனலே 21, 22 காட்டும். பேனல் பின்னாடி ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்னு இருக்கிற நம்பரத்தான் பாக்கணும், கூடவே போர்டுல உள்ள கெப்பாசிட்டர் மேல எழுதிருக்கிற வோல்ட்டயும் பாருங்க, சிப்பு தாங்கினாலும் 35 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது.

இப்ப நான் ரொம்ப பயப்படுற விஷயத்துக்கு வர்றேன், அது உப்பு. இந்த போர்டுல வோல்ட் செட் பண்ண ஒரு நீல கலர் பிரிசெட் இருக்கும்ல, அதுக்குள்ள உப்புக்காத்து போயி களிம்பு புடிச்சு காண்டாக்ட் விட்டுப்போச்சுன்னா வோல்ட் குறையும்னு நினைப்பீங்க, ஆனா தலைகீழா நடக்கும், வெளிய வோல்ட் வரலன்னு நினைச்சு சிப்பு முழுசா திறந்துரும், பேட்டரில இருக்கிற 12, 14 வோல்ட் அப்படியே போனுக்குப் போயிரும். கடல்ல போன் செத்தா வீட்டுக்கு ஒரு தகவல் சொல்ல முடியாது. அதனால போன் சார்ஜுக்கு பிரிசெட் வச்ச போர்டே வேணாம், ஃபிக்ஸட் 5 வோல்ட் வாங்குங்க. கையில இருக்கிறது பிரிசெட் வச்ச எல்எம் 2596 போர்டுதான்னா, பக்கத்துல உள்ள குட்டி ரெசிஸ்டர்ல 331னு இருக்கான்னு பாருங்க (330 ஓம்), இருந்தா பிரிசெட்ட கழட்டிட்டு அந்த இடத்துல 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வச்சு ஈயம் வச்சிருங்க, 4.96 வோல்ட் வரும், போதும். பிரிசெட்ட விட்டுவைக்கிறவங்க லோடு மாட்டாமயே மீட்டர் வச்சு செட் பண்ணுங்க. புது போர்டுல பத்து சுத்துக்கு மேல திருகினாலும் வோல்ட் அசையாம இருக்கும், கெட்டுப்போச்சுன்னு நினைச்சிராதீங்க, தொடர்ந்து திருகணும்.

உப்புக்குப் பயந்து போர்டு மேல கண்ணாடி ஒட்டுற சிலிக்கான அப்புறாங்க பாருங்க, அதுவும் தப்பு. வினிகர் மாதிரி புளிச்ச வாடை வர்ற சிலிக்கான் காயும்போது வர்ற ஆசிட்டு செம்ப அரிச்சிரும், உப்பு செய்ய வேண்டிய வேலைய அதுவே செஞ்சிரும். வாடை இல்லாத நியூட்ரல் வகை இல்லன்னா சர்க்யூட்டுக்குன்னே வர்ற வார்னிஷ், அதுவும் போர்ட கழுவி நல்லா காயவச்சு, வோல்ட் செட் பண்ணி முடிச்சதுக்கு அப்புறம்.

ப்யூஸ போர்டு பக்கத்துல வைக்காதீங்க, பேட்டரி முனைல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள வைங்க. வயர் நடுவுல உரசி ஷார்ட் ஆச்சுன்னா அந்தப் பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்ப தள்ளும், டீசல் இருக்கிற படகு அது. விஎச்எஃப் செட்டு (படகு ரேடியோ) வயரு, ஆன்டெனா கிட்டயும் இந்த போர்ட கட்டாதீங்க, இரைச்சல் ஏறிரும், சந்தேகமா இருந்தா போர்ட ஆஃப் பண்ணிட்டு கேட்டுப் பாருங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி கரைலயே டப்பாவ மூடி முழு லோடு குடுத்து ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க. ஓடி முடிஞ்சு தொட்டா விரல் வைக்க முடியலன்னா இன்னொரு சைஸ் பெருசா வாங்குங்க. வாங்குறப்பவே ரெண்டா வாங்கி, ரெண்டாவதையும் அதே வோல்ட்டுக்கு செட் பண்ணி, வயர் முனைய சீவி, ஜிப் கவர்ல போட்டு ஸ்டியரிங் பக்கத்துல டிரைவருக்குத் தெரியுற மாதிரி மாட்டிவைங்க.